தாய்மாருக்கு மட்டும்

எங்கள் பள்ளிக்கூடத்து நூலகம் என் தையல் மிஷினுக்குப் பின்னால் இருந்தது. இரண்டு மர பீரோ, கண்ணாடி போன ஒரு அலமாரி, அவ்வளவுதான். தையல் அறையில் இடம் இருந்ததால் புத்தகங்கள் அங்கே வந்தன. புத்தகங்கள் அங்கே வந்ததால் சாவி என் இடுப்புக்கு வந்தது. மற்றபடி எனக்கும் நூலகத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எட்டாவது வரை படித்து, தையல் பரீட்சை எழுதித் தேறி, தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கு இருபத்திரண்டு வயதில் தையல் டீச்சராக வந்தவள் நான். அறுபதுகளின் ஆரம்பம் அது.

சாவி கைக்கு வந்தபிறகு சும்மா இருக்க முடியுமா? பிள்ளைகள் கைக்குட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருக்கும்போது நான் ஒரு புத்தகத்தை மிஷின் மேல் விரித்து வைத்துக்கொள்வேன். சிரித்த இடத்தில் நீல நூல், அழுத இடத்தில் சிவப்பு நூல், புரியாத இடத்தில் கறுப்பு நூல் என்று அடையாளம் வைப்பேன். இரண்டு வருஷத்தில் முதல் பீரோவை முடித்தேன். கறுப்பு நூல்கண்டுதான் சீக்கிரம் தீர்ந்தது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பைத்தியம் உண்டு. யார் என்ன சொன்னார்கள் என்பதைவிட எப்படிச் சொன்னார்கள் என்பது என் காதில் ஒட்டிக்கொள்ளும். மேலகரத்தில் எங்கள் தெருவுக்குக் காய் கொண்டுவருகிறவள், "இந்தக் கத்திரிக்காயக் கொழம்புல போட்டா ஒங்க மாமியாளே சிரிச்சிருவா" என்பாள். நான் பள்ளிக்கூடம் போகிற பஸ்ஸின் கண்டக்டர், "ஏறுதவங்க ஏறுங்க, எறங்குதவங்க யோசிக்காதிய" என்பார். இதையெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து, ஒருமுறை பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கோயில் வாசல் வரைக்கும் போயிருக்கிறேன்.

ஆகவே நடந்ததற்கெல்லாம் காரணம் நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

திருநெல்வேலியிலிருந்து ஒருவர் சைக்கிளில் புத்தகக் கட்டு கொண்டுவருவார். நான் சேர்ந்த மூன்றாவது வருஷம் தலைமையாசிரியை அம்மா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால், "ஆறு புத்தகம் நீயே பாத்து எடு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அவரை நாங்கள் எல்லோரும் பெரிய டீச்சர் என்போம். நான் நல்ல பிள்ளையாக ஐந்து எடுத்தேன். உடல் நலம், வீட்டுத் தோட்டம், ஒழுக்கம் ஒன்று, ஒழுக்கம் இரண்டு, அப்புறம் ஒரு சமையல் புத்தகம். ஆறாவதாகப் பச்சை அட்டை போட்ட ஒரு கதைப் புத்தகத்தை நடுவில் பிரித்தேன். ஒரு பொம்பளை இன்னொரு பொம்பளையிடம் கேட்கிறாள்: "ஏட்டி, எங் கோழி ஒங் கொல்லைக்கு வந்துச்சா, ஒங் கொல்லை எங் கோழிகிட்ட வந்துச்சா?"

அச்சில்! ஒரே முற்றத்தைச் சுற்றி நாலைந்து வீடு இருக்கிற எங்கள் வளவில் தினமும் கேட்கிற சத்தம், அப்படியே கறுப்பு மையில்! புத்தகத்தில் வருகிறவர்கள் எல்லோரும் 'அன்பே', 'ஐயனே' என்று பேசித்தான் நான் பார்த்திருக்கிறேன். நம்மைப் போலப் பேசுகிறவர்கள் புத்தகத்துக்குள் போகலாம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சைக்கிள்காரர் முன்னாலேயே சிரித்துவிட்டேன். அவரும் சிரித்துவிட்டு, "இத ஒரு பள்ளிக்கூடமும் எடுக்க மாட்டேங்கு டீச்சர்" என்றார். நான் எடுத்தேன்.

கதை வேறொன்றுமில்லை. பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பொம்பளைகள் இரண்டு பேர், காணாமல் போன ஒரு செவலைக் கோழிக்காகப் புத்தகம் முழுக்கச் சண்டை போடுகிறார்கள். சண்டை என்றால் சாதாரணச் சண்டையா! ஒருத்தி ஒன்று சொன்னால் மற்றவள் மூன்று சொல்லுவாள். அந்தப் புத்தகத்தில் நான் வைத்த நீல நூலுக்கு அளவில்லை. புத்தகமே ஓரத்தில் தாடி வளர்த்த மாதிரி ஆகிவிட்டது.

புத்தகம் வந்து ஒரு வருஷம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அதை மட்டும் அட்டை கிழிய வாசித்தார்கள். நான் பச்சை ஜாக்கெட் துணியில் உறை தைத்துப் போட்டேன்.

அடுத்த சாரல் காலத்தில் வந்தது வினை. எங்கள் பள்ளிக் கமிட்டியின் செயலாளர் தென்காசியில் பெரிய ஜவுளிக்கடைக்காரர். ஊருக்கே அண்ணாச்சி. குற்றாலத்தில் சீசனுக்கு ஒரு வீடு எடுத்து, மதுரையிலிருந்து வந்த விருந்தாளிகளோடு தங்கியிருந்தார். இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அவருடைய சின்ன மகன் அக்காள் இலையிலிருந்து அப்பளத்தை எடுத்துவிட்டான். ஒன்பதாம் வகுப்பில் படிக்கிற அந்த அக்காள் விருந்தாளிகள் முன்னாலேயே, "சவத்து மூதி! பேதியில போவான்! ஒன் வாயில மண்ணு விழ!" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். மதுரைக்காரர்கள் எடுத்த கவளம் பாதியில் நின்றது.

"இதெல்லாம் எங்கட்டி படிச்ச?" என்று அண்ணாச்சி கேட்க, அவள் கண்ணிமைக்காமல், "லைப்ரரி புஸ்தகம்பா. பச்சை அட்டை" என்றிருக்கிறாள்.

மறுநாள் காலை அண்ணாச்சி பெரிய டீச்சரின் அறையில் இருந்தார். என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"டீச்சரம்மா, பிள்ளைய நான் எதுக்கு இங்க அனுப்புதேன்? தெருப் பேச்சு தெருவோட போகட்டும், நல்ல பேச்சு நாலு கத்துக்கிட்டு வரட்டும்னுதான. நீங்க தெருவயே அட்டை போட்டுப் பீரோவுல அடுக்கி வச்சிருக்கியளே!"

அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. திட்டு வாங்கிக்கொண்டே அதை மனசுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

முடிவு இப்படி ஆனது. வருஷா வருஷம் சாரல் காலத்தில் கமிட்டி குற்றாலத்தில்தான் கூடும். காலையில் குளியல், மதியம் சாப்பாடு, பிறகு கூட்டம். வருகிற சனிக்கிழமை அங்கே விஷயத்தை வைப்பது. அதற்குள் அந்தப் புத்தகத்தில் உள்ள தகாத சொற்கள் எல்லாவற்றையும் பக்கம், வரி, பொருளோடு பட்டியல் எழுதிக் கொண்டுவருவது. கமிட்டி சரி என்றால் திங்கட்கிழமை புத்தகம் தொட்டிக்குப் போகும்.

தொட்டி என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். கைத்தொழில் வகுப்பும் என்னுடையதுதான். பழைய தாளைக் கிழித்துச் சிமெண்டுத் தொட்டியில் மூன்று நாள் ஊறப்போட்டு, வெந்தயம் சேர்த்து உரலில் இடித்து, கவிழ்த்த பானைமேல் அப்பிக் காயவைத்து எடுத்தால் அருமையான பெட்டி கிடைக்கும். அரிசி போட்டு வைக்கலாம், கருப்பட்டி போட்டு வைக்கலாம். வேண்டாத புத்தகங்கள் எல்லாம் கடைசியில் இந்தத் தொட்டிக்குத்தான் வரும். அதாவது, என் கையால் எடுத்த புத்தகத்தை என் கையாலேயே கிழித்து ஊறப்போட வேண்டும்.

ஆனால் பட்டியல் எழுதிய மூன்று சாயங்காலங்களைச் சும்மா சொல்லக் கூடாது. பெரிய டீச்சர் கிறிஸ்தவக் குடும்பம். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, தங்க பிரேம் கண்ணாடி. சிரிப்பை எங்கேயோ பூட்டிச் சாவியைத் தொலைத்துவிட்ட மாதிரி முகம். கதவைச் சாத்திவிட்டு நான் வாசிப்பேன், அவர் எழுதுவார். கோடு போட்ட தாளின் கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் தரம் போட வேண்டும் என்றார். லேசு, காரம், கொடுங்காரம் என்று மூன்று தரம் வைத்துக்கொண்டோம்.

"மூதி" என்றேன்.

"எங்கம்மா என்னயக் காலையில எழுப்புதது இதச் சொல்லித்தான். லேசுன்னு போடலாம். அடுத்து?"

"ஒன் அடுப்புல பூனை தூங்க."

எழுதின கை நின்றது. "இதுல தப்பான சொல்லு எது? அடுப்பா, பூனையா?"

"தூக்கம் டீச்சர். அடுப்பு எரிஞ்சா பூனை தூங்குமா? ஒங்க வீட்ல சோறே பொங்கக் கூடாதுங்கா."

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "யம்மா! எவ்வளவு அழகா..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "எவ்வளவு மோசமா வையுதா! கொடுங்காரம்" என்றார்.

ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்க அகராதியைத் திறந்தோம். அதில் எங்கள் பட்டியலில் பாதி இருந்தது. இல்லாததும் நிறைய இருந்தது. "அப்ப அகராதியும் தொட்டிக்கா டீச்சர்?" என்று கேட்டேன். "நீ அத மூடு" என்றார்.

பட்டியலுக்கு நகல் எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. "ஒண்ணு எழுதினதே போதும்" என்று மடித்துக் கைப்பையில் வைத்துப் பூட்டினார். ஆனாலும் மற்ற டீச்சர்கள் ஒவ்வொருவராக ஏதாவது சாக்கு வைத்து அந்த அறைக்கு வந்துபோனார்கள். கணக்கு டீச்சர் ஒரே நாளில் நான்கு தடவை சாக்பீஸ் கேட்டு வந்தார்.

சனிக்கிழமை காலை நானும் பெரிய டீச்சரும் பஸ்ஸில் குற்றாலம் போனோம். மலைமேல் மேகம் இறங்கிக் கிடந்தது. இலஞ்சி விலக்கு தாண்டும்போதே சாரல் முகத்தில் அடித்தது. அண்ணாச்சி வீட்டம்மா வாசலிலேயே நின்று, "கூட்டம் பொறவு. வாங்க, மொதல்ல அருவிக்குப் போவோம்" என்று எங்களை இழுத்துக்கொண்டு நடந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பார்க்கப் பூப்போல இருப்பார். பள்ளி விழாவுக்கு வந்தால் அண்ணாச்சிக்குப் பின்னால் நின்று, கேட்ட கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டுவார். அவருடைய மகளா அப்படிப் பேசினாள் என்று நானே நினைத்ததுண்டு. பச்சைப் புத்தகத்தை என் தூக்குப்பையோடு அந்தச் சீசன் வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். பெரிய டீச்சர் மட்டும் கைப்பையை விடவில்லை. "பட்டியல் இருக்கு" என்று கிசுகிசுத்தார்.

அருவிக்கரையில் துணிகளோடு பையை ஒரு பாறையில் வைத்தார். நாங்கள் திரும்புவதற்குள் ஒரு குரங்கு அதை எடுத்துக்கொண்டு ஒரு கடையின் தகரக் கூரைமேல் ஏறிவிட்டது. குடையைத் தூக்கிக் காட்டினோம், பழத்தைக் காட்டினோம். அது பையைக் கொட்டி, கைக்குட்டையை முகர்ந்து பார்த்து எறிந்தது. பிறகு பட்டியலை விரித்துத் தலைகீழாக வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தது. அப்புறம் நிதானமாக, நாலு நாலாகக் கிழித்துப் போட்டது. பை கிடைத்தது. பட்டியல் போயிற்று.

"அதுக்கே பொறுக்கல பாரு" என்றார் பெரிய டீச்சர். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் அப்படிப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

அருவியில் பொம்பளைகள் பக்கம் எள் போட்டால் விழாத கூட்டம். தண்ணீர் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது. அதனால் அங்கே பேச்சு என்பதே கிடையாது, கத்தல்தான். நாங்கள் முட்டி மோதி உள்ளே போய், கம்பியைப் பிடித்துத் தலையைக் கொடுத்த அந்த நிமிஷத்தில், எங்கிருந்தோ வந்த ஒரு பருத்த அம்மாள் முழங்கையால் அண்ணாச்சி வீட்டம்மாவை இடித்துத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் நின்றுகொண்டாள்.

பூப்போல இருந்த அம்மா வாயைத் திறந்தார்.

"ஏட்டி, செத்த சவமே! மலை என்ன ஒங்கப்பன் சீதனமா குடுத்ததா! ஒன் கொண்டையில கொள்ளி வைக்க! ஒன் அடுப்புல பூனை தூங்க!"

எனக்குத் தண்ணீரின் குளிர் மறந்துபோனது. முப்பத்தொன்றாம் பக்கம்! நாற்பத்து நான்காம் பக்கம்! அடுத்து வந்தது அறுபது! அப்புறம் வந்த மூன்று, சத்தியமாகச் சொல்கிறேன், புத்தகத்திலேயே இல்லை. பருத்த அம்மாளும் சளைத்தவள் இல்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பாட்டம் வைதார்கள். பிறகு என்ன ஆனதோ, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து, தண்ணீர் மூக்கில் ஏறச் சிரித்தார்கள். "நீயும் நில்லுட்டி" என்று பருத்த அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள். நகரும்போது பெரிய டீச்சரின் காலை மிதித்துவிட்டாள். பெரிய டீச்சர் உதடு அசைந்தது. கேட்கவில்லை. ஆனால் பட்டியலில் அது லேசு ரகம்தான் என்று உதட்டிலேயே தெரிந்தது.

பாறையில் உட்கார்ந்து தலை துவட்டும்போது அண்ணாச்சி வீட்டம்மா என்னிடம் மெல்ல, "அருவிச் சத்தத்துல ஒண்ணும் கேட்டிருக்காதுல்லா?" என்றார்.

"நல்லாக் கேட்டுச்சு யக்கா. முப்பத்தொண்ணு, நாப்பத்தி நாலு, அறுவது."

கொஞ்ச நேரம் விழித்துப் பார்த்தார். புரிந்ததும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் விக்கல் வந்துவிட்டது. "எம் மக எங்கிட்டத்தாம்மா படிச்சா. அவ புஸ்தகம்னு சொன்னாளா, நான் அப்பாடான்னு இருந்துட்டேன்."

"அப்ப அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க யக்கா. இல்லன்னா புஸ்தகம் திங்கக்கெழம தொட்டிக்குப் போயிரும்."

"யாத்தே, நானா! கல்யாணமாகிப் பதினாறு வருசம், அவுக முன்ன நான் வாயத் தெறந்ததில்ல. பூனைக்குட்டின்னு நெனச்சுக்கிட்டு இருக்காக." விக்கலோடு எழுந்துகொண்டார். "புஸ்தகம்தான, விடு. வேற வாங்கிக்கிடலாம்."

எங்கே வாங்குவது? அந்தச் சைக்கிள்காரர் அதற்கப்புறம் வரவே இல்லை. எங்கள் ஊரில் வேறு யாரிடமும் அந்தப் புத்தகம் கிடையாது. நான் சேலையைப் பிழிந்தேன்.

சாப்பாடு முடிந்து முன்கூடத்தில் கூட்டம். அண்ணாச்சி நடுவில். பக்கத்தில் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். எதையும் விதிப்படி செய்ய வேண்டும் என்பவர். இன்னும் இரண்டு மெம்பர்கள் சாப்பாட்டு மயக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தார்கள். தீர்மானம் எழுதுகிற மினிட் நோட்டு பெரிய டீச்சர் மடியில்.

"பட்டியல்?" என்றார் பெரியவர்.

"பட்டியலக் குரங்கு எடுத்துட்டுப் போயிருச்சு" என்றார் பெரிய டீச்சர்.

பெரியவர் கொஞ்சமும் சிரிக்கவில்லை. "அத மினிட்ல ஏத்துங்க. இனி மூலத்தத்தான் வாசிக்கணும். குற்றச்சாட்ட வாசிக்காம தீர்மானம் செல்லாது."

யார் வாசிப்பது? ஆண்கள் பொம்பளைகள் முன்னால் வாசிக்க மாட்டார்கள். பெரிய டீச்சர் யார் முன்னாலும் வாசிக்க மாட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று, பக்க எண்ணைச் சொல்லிச் சொல்லை வாசித்தேன். அடுப்படியில் ஏதோ உருண்டு விழுந்த சத்தம் கேட்டது.

"மொட்டையா வாசிச்சா எப்படி? முன்னும் பின்னும் வேணும்" என்றார் பெரியவர். முன்னும் பின்னும் வாசித்தேன். இன்னும் கொஞ்சம் முன்னால் என்றார். கடைசியில் அத்தியாயமே வாசிக்கும்படி ஆயிற்று. சுவரில் சாய்ந்திருந்த இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஐம்பத்திரண்டாம் பக்கத்தில், கோழிக்காரி தன் பக்கம் பேச வராத புருஷனை வைகிறாள்: "கல்லாப்பெட்டியக் கட்டிக்கிட்டு ஒறங்குத மூதி, பொண்டாட்டி தொண்டை கிழியுதா, எந்திரிச்சு வந்து பாக்கானா?" அதற்கு அடுப்படியில் எழுந்த சிரிப்பை ஒரு பாத்திரச் சத்தத்தாலும் மறைக்க முடியவில்லை.

"பொறவு? கோழி கெடச்சுதா?" என்றார் ஒரு மெம்பர்.

"கோழியா இப்ப முக்கியம்?" என்றார் அண்ணாச்சி. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "சிரிக்கியல்லா, சிரிங்க. எங்காத்தா தலைச்சுமையா துணி வித்தவ. இந்தப் பேச்சுத்தான் பேசுவா. ஒரு வீட்லயும் வாசப்படிக்கு உள்ள விட்டதில்ல. 'அவ வாயி'ம்பாக. எம் மக நாலு பேரு நடுவுல வாயத் தெறந்தா, எங்காத்தா வாசல்ல நின்னது மாதிரி நிக்கக் கூடாதுன்னுதான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். அன்னைக்கு விருந்தாளி முன்ன அவ பேசினப்ப எனக்குச் சோத்த முழுங்க முடியல."

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை என்று எனக்கே தெரிந்தது. புத்தகத்தை மூடினேன். நீல நூல்கள் எல்லாம் வெளியே தொங்கின.

"அப்ப ஊறப்போடுததுன்னு தீர்மானம் எழுதிரலாமா?" என்றார் பெரியவர்.

பெரிய டீச்சர் பேனாவைத் திறந்தார். அப்போது காப்பித் தட்டோடு அண்ணாச்சி வீட்டம்மா வந்தார். தட்டைக் கீழே வைத்தார். போகவில்லை.

"அவ புஸ்தகத்துல படிக்கல. எங்கிட்டத்தான் படிச்சா."

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். "ஒங்கிட்டயா? நீ எங்கன பேசுவ?"

"நீங்க கடைக்குப் போன பொறவு."

"எத்தன நாளா?"

"பதினாறு வருசமா."

"ஒரு நா கூட எங் காதுல விழலயே!"

"நீங்க வருததுக்கு முன்னாடி ஒங்க செருப்புச் சத்தம் வந்துரும்லா."

பெரியவர் காப்பியை எடுத்தார், குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அந்த அம்மா நிறுத்தவில்லை. "ஒங்காத்தாகிட்டத்தான் நான் பாதி படிச்சேன். நம்ம கல்யாணமான புதுசுல, நீங்க கடைக்குப் போயிருவிய. அவுக வெத்தலை இடிச்சுக்கிட்டே ஒவ்வொண்ணாச் சொல்லுவாக. ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பு அந்தச் சுவருக்குத் தெரியும். ஊறப்போடணும்னா என்னயத் தூக்கித் தொட்டியில ஊறப்போடுங்க. அந்தப் புஸ்தகம் பாவம். அது தானா வாயத் தெறந்து ஒரு வார்த்தை பேசல."

அண்ணாச்சி மிகச் சின்னக் குரலில் கேட்டார்: "என்னயும் வையுதியா?"

"அம்பத்தி ரெண்டாம் பக்கம்" என்றார் அந்த அம்மா.

முதலில் சிரித்தது யார் என்று எனக்கு ஞாபகமில்லை. பெரிய டீச்சராகவும் இருக்கலாம். அண்ணாச்சி என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தைத் தேடி, விரல் வைத்து மறுபடியும் தனக்குள் வாசித்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் ஆள் சிரித்துக்கொண்டிருந்தார். "எங்காத்தாவே வந்து நின்னு வஞ்ச மாதிரி இருக்குய்யா" என்றார்.

ஆனாலும் கமிட்டி கூடிவிட்டது, பொருள் மினிட்டில் ஏறிவிட்டது. ஏதாவது தீர்மானம் போடாமல் எழுந்திருக்கக் கூடாது என்றார் பெரியவர். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்து அவரே வாசகம் சொன்னார். மேற்படி புத்தகத்தை மாணவிகளுக்குக் கொடுக்கலாகாது. மாணவிகளின் தாய்மார் நேரில் வந்து கேட்டால் மட்டும், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கலாம்.

"நல்ல முடிவு" என்றார் அண்ணாச்சி. "பெரியவுக படிக்கட்டும். பிள்ளைய கையில போகக் கூடாது." மற்ற இரண்டு பேரும் ஆமோதித்தார்கள். பெரிய டீச்சர் எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.

திங்கட்கிழமை தொட்டியில் பழைய பரீட்சைத் தாளை ஊறப்போட்டுவிட்டு, பீரோவில் ஒரு அட்டை எழுதி ஒட்டினேன்: 'பச்சைப் புத்தகம் தாய்மாருக்கு மட்டும்.' சாயங்காலத்துக்குள் அது பள்ளிக்கூடம் பூராவும் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை தையல் அறை வாசலில் பதினொரு தாய்மார் நின்றார்கள். ஒருத்தி வயலிலிருந்து நேரே வந்திருந்தாள், காலில் சேறு காயவில்லை. இதற்குமுன் பரிசளிப்பு விழாவுக்குக் கூப்பிட்டே வராதவர்கள் அவர்கள். முன்னால் நின்றவள் நோட்டில் கையெழுத்துப் போட இடதுகைப் பெருவிரலை நீட்டினாள். ஆபீசுக்கு ஓடி மைப்பெட்டி வாங்கி வந்தேன். பின்னால் பார்த்தால் ஒவ்வொருத்தியும் பெருவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"யக்கா, ஒங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"எனக்கு எங்கன தெரியும்? எம் மக வாசிப்பால்லா. அதுக்குத்தான இங்க அனுப்புதேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெரிய டீச்சர் அறைக்கு ஓடினேன். "டீச்சர், தாய்மாருல முக்காவாசிப் பேரு கைநாட்டு! பிள்ளைகதான் சத்தமா வாசிச்சுக் காட்டப் போகுது! தீர்மானம் எழுதையில ஒங்களுக்குத் தோணலயா?"

அவர் வருகைப் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "இத்தன வருசமா அட்மிஷன் பாரத்துல அவுக பெருவிரலப் பிடிச்சு உருட்டினது யாருன்னு நெனச்ச? போ, வரிசை நிக்கில்லா."

முறை வைத்துக் கொடுத்தோம். ஒரு வீட்டுக்கு மூன்று நாள். தாலுகா ஆபீஸ் பெரியவர் தன் மருமகளை அனுப்பி, கோழி கிடைத்த அத்தியாயத்தை மட்டும் முதலில் பார்த்துச் சொல்லும்படி கேட்டுவிட்டார். அண்ணாச்சி வீட்டம்மாவின் பெயர் நோட்டில் இரண்டு முறை இருக்கிறது. இரண்டாவது முறை புத்தகம் வாங்க அண்ணாச்சியே வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார்.

அந்த முதல் வாரக் கடைசியில், பள்ளிக்கூடம் விட்டு மேலகரத்தில் எங்கள் தெருவுக்குத் திரும்புகிற முக்கில் ஒரு பிள்ளையின் குரல் கேட்டது. ஒன்பதாம் வகுப்பு. பாடம் ஒப்பிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒவ்வொரு சொல்லையும் சுத்தமாக உச்சரித்து, "ஒன் அடுப்புல, பூனை, தூங்க" என்று வாசித்துக்கொண்டிருந்தாள். நான் வேலியோரம் நின்றுவிட்டேன். உள்ளேயிருந்து அவளுடைய அம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுச் சத்தம் போட்டாள்.

"என்னட்டி இது, செத்த வீட்ல மந்திரம் சொல்லுத மாதிரி வாசிக்க? எழுத்து மட்டும் தெரிஞ்சா போதுமா? 'அடுப்புல'வ இழு. 'பூனை'கிட்ட வந்து நில்லு. 'தூங்க'வ எடுத்து அவ மூஞ்சில எறி. எங்க, இன்னொரு தரம் சொல்லு!"